ஆறு பொய்க் கோள்கள்

நான் வேலை பார்த்த ஒளியியல் கூடத்தில் கையால் கண்ணாடி மெருகேற்றும் பகுதியை இந்த ஆண்டோடு மூடிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்ய அயனிக் கற்றை இயந்திரம் வந்திருக்கிறது. ஆள் தொட வேண்டியதில்லை. இதை ஒட்டி ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்களாம். இப்போது அங்கே இருக்கும் இளைஞர்கள் போன் செய்தார்கள். "சார், திருப்பதியிலே ஒரு ஷெட்டிலே உக்காந்துக்கினு வேற நட்சத்திரத்தோட கிரகத்தைப் படம் பிடிக்கிற கருவிக்குக் கண்ணாடி பண்ணீங்களே, அதை நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள்.

இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கட்டுரை அழகாக வந்தது, ஆனால் நான் செய்த காரியம் மட்டும் அதில் இல்லை. இப்போது எழுதுவது மூன்றாவது. இதில் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போன மிகச் சிறந்த கண்ணாடியைக் கெடுத்தவன் நான். பழி முனிரத்தினம் என்பவர் மேல் விழுந்தது. நான் அதை விழவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். திருப்பதியில் இயற்பியல் படித்தேன். பிறகு வடக்கே இரண்டு ஆண்டு பயிற்சி. திரும்பி வந்து சித்தூர் சாலையில் இருந்த அந்தக் கூடத்தில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். மற்றவர்கள் தேய்த்துக் கொடுக்கும் கண்ணாடியின் மேடு பள்ளத்தை ஒளியால் அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. இருபத்தைந்து ஆண்டுகள் அதையே செய்தேன்.

முனிரத்தினம் நகரிப் பக்கத்து ஆள். தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கண்ணாடியை மெருகேற்ற பிட்ச் என்று ஒரு கருந்தார் வேண்டும். குங்கிலியம் போன்ற பிசினையும் எண்ணெயையும் காய்ச்சிச் செய்வது. எங்கள் ஊர் வெயிலில் அதன் பக்குவம் மாதத்துக்கு மாதம் மாறும். வடக்கே அதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். முனிரத்தினம் ஒரு சில்லை உடைத்து முன்பல்லில் கடித்துப் பார்ப்பார். நொறுங்கினால் எண்ணெய் சேர்க்க வேண்டும், பல் அழுந்தினால் பிசின் சேர்க்க வேண்டும்.

"காலைல டிபன் இன்னா முனிரத்னம்?" என்று கேட்டால், "இப்பத்தான் துன்னேன் சார், கொஞ்சம் உப்பு கம்மி" என்பார்.

அவருடைய இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடி ஒரு மேசை மேல் மெல்லச் சுழலும். மேலே பிட்ச் பூசிய தட்டை ஒரு இரும்புக் கை முன்னும் பின்னும் இழுக்கும். இரண்டையும் ஒரே மோட்டார் ஓட்டுகிறது. மோட்டாரின் கப்பியில் சின்னதும் பெரியதுமாகப் படிகள் உண்டு; பெல்ட்டை எந்தப் படியில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துக் கையின் வேகம் மாறும். மேசை ஒரு சுற்று சுற்றும்போது கை சரியாக மூன்று முறை போய்வந்தால், தட்டு திரும்பத் திரும்ப ஒரே தடத்தில்தான் போகும். தடம் கண்ணாடியில் பதிந்துவிடும். இதற்காக முனிரத்தினம் இரண்டாவது படியை அரத்தால் தானே கொஞ்சம் ராவி வைத்திருந்தார். மூன்று முறையும் ஆகாது, இரண்டு முறையும் ஆகாது, இடையில் ஏதோ ஒரு கணக்கு. "போன வழியில திரும்பப் போவக் கூடாது சார். மாடு கூட ஒரே எடத்துல மிதிச்சா பள்ளமாப் பூடும்" என்பார். வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

எங்கள் தலைவர் சதாசிவ ராவ். தெலுங்குக்காரர். எங்களோடு பேசுவதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். எல்லோரையும் அப்பா என்று அழைப்பது போல "நாயனா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், பெயரோடு 'காரு' சேர்ந்துவிடும். காலையில் "முனிரத்னம் காரு" என்று குரல் கேட்டால் கூடமே அமைதியாகிவிடும். வாசலில் செருப்பை விட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஆனால் கண்ணாடியை ஒருநாளும் தொட்டதில்லை. "உங்க வேலை, நான் ஏன் கை வைக்கணும்?" என்பார்.

அறிக்கையைப் படிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு படங்கள் வைக்க வேண்டும். ஒன்று, கருவி பார்த்தது பார்த்தபடி. மற்றது, கணினி முப்பத்தாறு வழவழப்பான வடிவங்களைப் பொருத்தி, அவற்றுக்குள் அடங்காத சின்னச் சின்ன நெளிவுகளைத் தள்ளிவிட்டுத் தருவது. முதலாவதைப் பச்சிப் படம் என்பார், தெலுங்கில் பச்சி என்றால் வேகாதது; இரண்டாவதை வெந்த படம் என்பார். "பச்சி எதி, நாயனா? பச்சி எங்க? முந்து பச்சி, அது முதல்ல. வெந்தது எல்லாம் ருசியாத்தான் இருக்கும்." பச்சிப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்ப்பார். அதன் பிறகே உட்காருவார்.

இன்னொரு வழக்கமும் எங்கள் கூடத்தில் இருந்தது. ஒரு கண்ணாடிக்கு ஒரு பெயர். யார் இடையில் கை கொடுத்தாலும், பதிவேட்டில் அந்த வேலை நேரம் எல்லாம் கண்ணாடிக்கு உரியவர் பெயரில்தான் ஏறும். இயந்திரத்தை ஓட்டியவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது நான். அது அந்த ஆளுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

தொண்ணூறுகளில் கூடம் காலியாகத் தொடங்கியது. நாங்கள் பழக்கிய ஆட்கள் ஹைதராபாத்துக்கும் சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார்கள். அதே கதவு வழியாகத்தான் வெளிநாட்டு வேலைகள் உள்ளே வந்தன. முன்பெல்லாம் ஒரு கண்ணாடியை வெளிநாடு அனுப்ப அனுமதிக் கடிதங்களே இரண்டு ஆண்டு ஓடும். இப்போது சென்னையில் ஒரு ஏஜென்ட், ஒரு ஃபேக்ஸ், முடிந்தது. அப்படி வந்ததுதான் அமெரிக்கச் சோதனைக்கூடம் ஒன்றின் வேலை.

வேறு விண்மீன்களைச் சுற்றியும் கோள்கள் உண்டு என்று தெரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவற்றை யாரும் நேரில் பார்த்ததில்லை. விண்மீன் கோளைவிடப் பல கோடி மடங்கு பிரகாசமானது. அதனால் தொலைநோக்கிக்குள் ஒரு சின்ன மறைப்பு வைத்து, விண்மீனை மட்டும் மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மங்கலான புள்ளியைத் தேட வேண்டும். எதிர்வெயிலில் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்ப்பது போலத்தான். ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடியில் ஒரே சீரான நெளிவு இருந்தால், தலைமுடியின் தடிமனை இருபதாயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு உயரமே இருந்தாலும், அது விண்மீனின் ஒளியில் கொஞ்சம் எடுத்து, மறைப்புக்கு வெளியே, கோள் இருக்க வேண்டிய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடும். பார்ப்பவருக்கு அது கோள் போலவே தெரியும்.

அந்தச் சோதனைக்கு அவர்கள் கேட்டது, சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய ஒரு குழிக்கண்ணாடி. கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. கண்ணாடி நன்றாக அமைந்தால், அதைச் செய்தவரை இரண்டு ஆண்டு தங்களிடம் அழைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அது முனிரத்தினம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரும் பாஸ்போர்ட் எடுத்தார். "போட்டோவப் பாத்தா எனக்கே பயமாக் கீது சார். இவன உள்ள வுடுவாங்களா?" என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நான்கு மாதம் அந்தக் கண்ணாடியோடு இருந்தார். மே மாதம் வந்தது. திருப்பதியில் கங்கம்மா ஜாதரை, ஊர் அம்மனின் திருவிழா. அவருடைய மகளுக்கு விடாத காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக, அவர் வேஷம் கட்டுவதாக வேண்டுதல் இருந்தது. ஜாதரையில் ஒரு நாள் வேஷம் கட்டியவர் எதிரே வருகிறவரை வாய்க்கு வந்தபடி திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"அன்னிக்கு அந்தப் பக்கம் வாங்க சார். ராவ் சாரயும் கூட்டிக்கினு வாங்க. பத்து வருசத்து பாக்கி கீது, ஒரே நாள்ல தீத்துர்றேன்" என்றார்.

கிளம்பும்போது கண்ணாடியை மல் துணியால் மூடினார். "சார், ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக் கீது. நாலு நாள்ல வந்து எறக்கிர்றேன். அதுவரிக்கும் யாரும் தொட வேணாம். நீங்களுந்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சென்னையிலிருந்து ஏஜென்ட் போன் செய்தார். அமெரிக்கக் கூடத்தில் சோதனை மேசை ஒரு வாரம் முன்னதாகவே கிடைக்கிறது, நம் கண்ணாடி மூன்று நாளில் விமானம் ஏறாவிட்டால் அந்த இடம் வேறு நாட்டுக் கண்ணாடிக்குப் போய்விடும் என்றார். ராவ் சார் டெல்லியில் இருந்தார். நான் ஒரு ஆளை அனுப்பி முனிரத்தினத்தை அழைத்து வந்திருக்கலாம். பஸ்ஸில் அரை மணி நேரம். வேண்டுதலில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. இருபது ஆண்டு அடுத்தவர் கண்ணாடியை அளந்தே கழித்த எனக்கு, ஒரு கண்ணாடியையாவது என் கையால் முடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது மறு பாதி.

துணியை எடுத்தேன். முதல் நாள் அவருடைய இரண்டாவது படியிலேயே ஓட்டினேன். ஓரம் இறங்கவேயில்லை. இரண்டாம் நாள் காலையில் பெல்ட்டை மூன்றாவது படிக்கு மாற்றினேன். கை சரியாக மூன்று முறை போய்வந்தது. அது எனக்குத் தெரியும். சில மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மாலைக்குள் ஓரம் இறங்கிவிட்டது.

சோதித்தேன். எண்கள் அருமையாக வந்தன. பச்சிப் படத்தில் மட்டும் கோரைப்பாயின் பின்னல் போல மிக மெல்லிய ஒரு நெளிவு தெரிந்தது. கருவியின் லென்ஸில் தூசு இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை சோதித்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் துடைக்கவில்லை. வெந்த படத்தை மட்டும் அறிக்கையில் வைத்து, தலைவருக்காக நானே கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் என் பதினொரு மணி நேரத்தையும் வழக்கப்படி முனிரத்தினம் பெயரில் எழுதினேன். ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் விடுப்பில் இருந்தார், தணிக்கையில் கேள்வி வரும். அதனால் அவர் விடுப்பில் போவதற்கு முந்தைய இரண்டு நாட்களின் கணக்கில் பிரித்து ஏற்றினேன். பேனாவை மூடும்போது எந்த உறுத்தலும் இருக்கவில்லை.

முனிரத்தினம் காது மடலில் குங்குமம் ஒட்டியபடி திரும்பி வந்தார்.

"பொட்டி பூட்ச்சா சார்? ஓரம்?"

"நீ விட்ட நிலையிலேயே சரியா இருக்குன்னு டெஸ்ட்ல வந்துடுச்சி, அனுப்பிட்டேன்."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "அப்போ எனக்கே சொல்லாம இது நல்லா வேல செஞ்சிக்கீது."

அங்கே மேசையில் மற்றக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி முடிக்கவே நான்கைந்து மாதம் ஆனது; கடைசிப் பொருத்தலுக்கு உதவியாக என்னை அமெரிக்கா அனுப்பினார்கள். அங்கே அந்த மேசைக்குப் பொறுப்பாளர் ஹெலன் என்ற பெண். விண்மீனுக்குப் பதிலாக ஊசித்துளை வழியாக வரும் விளக்கொளி. மறைப்பை உள்ளே தள்ளினார். திரை இருண்டது. இருட்டின் நடுவே, மறைத்த இடத்தைச் சுற்றிலும், சம இடைவெளியில் ஆறு புள்ளிகள்.

"ஆறு கோள்கள்! உங்கள் ஆள் தாராளமானவர்" என்று சிரித்தார் ஹெலன். பிறகு சிரிக்கவில்லை. அவர்களிடம் சின்னச் சின்ன முட்டுக்கோல்களால் பின்னாலிருந்து தள்ளி வளைக்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. மற்றக் கண்ணாடிகளின் பிழையை அதுதான் சரிக்கட்டும். எங்கள் நெளிவு அந்த முட்டுக்கோல்களின் இடைவெளியைவிட நெருக்கமானது. சரிக்கட்ட முடியாது. கண்ணாடியை எடுத்து வைத்துவிடுவதைத் தவிர வழியில்லை.

அந்த ஆறு புள்ளிகளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது படி.

"கடைசியாக இயந்திரத்தை ஓட்டியது யார்?" என்று ஹெலன் கேட்டார்.

"பதிவேட்டில் முனிரத்தினம் பெயர் இருக்கிறது" என்றேன். அந்தப் பதிலை நான் யோசித்துத்தான் சொன்னேன்.

நான் ஊர் திரும்புவதற்குள் ஹெலனின் கடிதம் ராவ் சாரிடம் வந்துவிட்டது. பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

"பச்சிப் படம் எதி?" என்று என்னைக் கேட்டார்.

"அந்த வாரம் படம் வரையற பிளாட்டர்ல மை காஞ்சி போயிருந்தது சார். எடுக்க முடியல."

என் சொல்லை நம்புவது அவருக்கு இருபது ஆண்டுப் பழக்கம். நம்பினார். பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "முனிரத்னம் காரு!"

அவர் வந்து நின்றார். ராவ் சார் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "ஜாதரைக்கு முந்தி ரெண்டு நாள் இவ்வளவு மணி ஓட்டியிருக்கீங்க. பெல்ட்டு எந்தப் படி?"

முனிரத்தினம் எண்களைப் பார்த்தார். என் கையெழுத்து. அவர் அதைச் சந்தேகிக்கவில்லை. தேதிகளின் மேல் விரலை ஓட்டினார். "ரெண்டாவதுலதான் மாட்டுவேன் சார். ஆனா அன்னிக்கு... என் புத்தி பூரா ஜாதர மேல இருந்திச்சி. இவ்ளோ நேரம் ஓட்டுனேனான்னே ஞாபகம் இல்ல. மாத்திட்டிருப்பேன். நாந்தான் பண்ணியிருப்பேன் சார்."

நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ராவ் சார் திட்டவில்லை. "போ நாயனா" என்றார். அமெரிக்க அழைப்பைப் பற்றி அவர் மேற்கொண்டு எழுதவில்லை, முனிரத்தினமும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒரு சின்ன லென்ஸை முடிக்கக்கூட ஐந்து முறை என்னிடம் கொண்டுவந்து, "பாத்து சொல்லுங்க சார், சரியாக் கீதா?" என்பார். சரியாகத்தான் இருக்கும். ஒரு வருடம் பொறுத்து வேலையை விட்டார். குப்பம் என்ற ஊரில் கிரானைட் பலகைக்கு மெருகுபோடும் பட்டறைக்குப் போனார். ராவ் சார் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் இறந்தார். அவருக்கும் நான் சொல்லவில்லை.

போன மாதம் சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பஸ் பிடித்துக் குப்பம் போனேன். பட்டறையை ஒட்டியே வீடு. முனிரத்தினத்துக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார். "சாரு! ஒரு போனு பண்ணக்கூடாதா? இன்னா துன்றீங்க? பங்காருபாளையத்து மாம்பழம் கீது, அறுக்கச் சொல்றேன்." உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன். துணியை எடுத்தது, பெல்ட், பதிவேடு, பச்சிப் படம், ஹெலனுக்குச் சொன்ன பதில், எல்லாவற்றையும்.

கல் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினியாவது படி?"

"மூணாவது."

அவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, அதைக் குறுக்கே மூன்று முறை வெட்டினார். "ஆறு புள்ளி வரும்தான்" என்றார். பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. முகம் மாறியது. "அப்ப என் கை ஒண்ணியும் பண்ணல."

"இல்ல முனிரத்னம்."

"இருவது வருசத்துக்கு மேல ஆவுது சார்." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே திரும்பி, "ஏமே மல்லிகா! இங்க வா. சாரு இன்னாமோ சொல்றாரு பாரு" என்றார். அவர் மனைவி மாம்பழக் கத்தியோடு வந்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். இவ கேக்கட்டும்."

மறுபடியும் முழுவதும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார். "கேட்டியா? இப்பவாவது கேட்டியா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "வேண்டுதல் வெச்சது நான் சார். இவுரு கண்ணாடி முடியட்டும், அடுத்த வருசம் பாக்கலாம்னாரு. நாந்தான் அழுது அனுப்பிச்சேன். அன்னிலேருந்து, 'உன் ஜாதரைக்குப் போயி என் கை பூட்ச்சி'ன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பாரு தெரியுமா? எம்பொண்ணு கண்ணாலத்துல கூட சொன்னாரு. கங்கம்மா வாசல்ல நான் காலு வெச்சி எத்தினி வருசமாச்சி! எனக்கே அப்படித்தான்னு தோணிப் போச்சி சார். புள்ளைக்கு வேண்டிக்கினு புருசன் பொழப்பக் கெடுத்தவ நாந்தான்னு."

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். நான் அநியாயம் செய்தது ஒருவருக்குத்தான் என்று அத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அத்த வுடுங்க சார். எழுதிக் குடுப்பீங்களா?"

"ஆபீசுக்கு எழுதி அனுப்பிடறேன். பதிவேட்டைத் திருத்தச் சொல்லி..."

"அது இவுருக்கு. இங்கிலீஷ்ல எழுதி எனக்கு எதுக்கு? தமிழ்ல எழுதுங்க. அச்சுல வரட்டும். நாலு பேரு படிக்கணும், நானும் படிக்கணும்."

கூடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். கண்ணாடியின் வரிசை எண், தேதி, படி, யார் ஓட்டியது என்பது மட்டும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மலரில் போடுவார்களா என்று தெரியாது, பதிவேட்டோடு சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். மலருக்கு அனுப்பும் இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்காக எழுதியது.

மல்லிகாம்மா, உங்கள் வேண்டுதலால் எந்தக் கண்ணாடியும் கெடவில்லை. உங்கள் கணவர் போகும்போது அது ஓரம் மட்டும் சற்று உயர்ந்து, மற்றபடி குறையில்லாமல் இருந்தது. தொட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான்தான் தொட்டேன்.